நாரத்தை இலை போட்ட பீர்

குரங்கணியிலிருந்து கீழே இறங்கும் ரோட்டில் பாதித் தூரம் வந்த பிறகுதான், மேஸ்திரியிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டது ஞாபகத்துக்கு வந்தது. திரும்பிப் போய்ச் சொல்ல மனசில்லை. காப்பிப் பழம் எடுக்க என் இடத்தில் நாளைக்கு வேறொருவன் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு நிற்பான். தோட்டத்துக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. என் பையில் ஒரு போர்வை, மாற்றுச் சட்டை, வழியில் ஒரு வீட்டில் கேட்டு வாங்கிய பச்சை இஞ்சி. அந்த இஞ்சிக்காக நின்றதைத் தவிர வேறெங்கும் நிற்கவில்லை.

காலையில் தோட்டத்துக்கு உரம் ஏற்றி வந்த ஜீப் டிரைவர்தான் சேதி சொன்னார். தினமும் போடியிலிருந்து போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை வேலைக்கு ஏற்றிப் போகிறவர் அவர். அன்றைக்கு அவர்களை இறக்கிவிட்ட கையோடு இந்த லோடு கிடைத்து எங்கள் பக்கம் வந்திருந்தார். வண்டியை விட்டு இறங்காமலே பேசினார்.

"ஒன் மச்சான் சொல்லச் சொன்னாரு. ஒன் வீட்டுக்காரி வச்ச பீரு ஒரு கேன் மிச்சம் இருக்காம். நீ வந்தாத்தான் தெறப்பாராம்."

என் மனைவி இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் வைத்த பீரில் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் வைத்திருந்தது பீர்க்கடை. பீர்க்கடை என்றதும் வேறு மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், பெங்களூரில் ஒரு ஹோட்டலில் வெகுகாலம் வேலை பார்த்தவர். அந்த ஹோட்டல் தன்னுடைய பீரைத் தானே காய்ச்சிக்கொள்ளும். மச்சானுக்கு அங்கே டிரம் கழுவுகிற சோலி. கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டார். ஊருக்கு வந்ததும் போடிமெட்டு செக்போஸ்டைத் தாண்டி, கேரளப் பக்கம், சரிவில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்தார். முன்னால் ஜீப் ஒர்க்‌ஷாப்பாக இருந்த கொட்டகை. அனுமதி, காகிதம் எல்லாம் அவர் பாடு. நான் கேட்டதில்லை. நாலு பெஞ்சு, மூன்று டிரம், ஒரு அடுப்பு. தோட்டத்து ஆட்கள் வேலை முடிந்து கீழே போகிற ஜீப்புக்குக் காத்திருக்கும்போது ஒரு குவளை குடிப்பார்கள். சனி, ஞாயிறு என்றால் மூணாறு போகிற பைக்குக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொள்வார்கள்.

முதலில் மச்சான் பெங்களூரில் பார்த்தபடியே பார்லியும் பாக்கெட் ஈஸ்ட்டும் போட்டுக் காய்ச்சினார். ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி ஒத்தாசைக்குப் போனவள், குடித்துப் பார்த்துவிட்டு, நனைந்த சாக்கு மாதிரி இருக்கிறது என்றாள். ஒரு வருஷத்துக்குள் கடையே அவள் கைக்கு வந்துவிட்டது. கேழ்வரகை முளைகட்டி, தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் காய்கிற தட்டுகளின் ஓரத்தில் உலர்த்தி வாங்கிக்கொள்வாள். பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, பீங்கான் ஜாடியில் இஞ்சியும் கருப்பட்டியும் போட்டுத் தானே ஒரு உறை வைத்தாள். தயிருக்கு உறை மாதிரிதான். அதற்குத் தினமும் கொஞ்சம் இஞ்சி, கொஞ்சம் கருப்பட்டி போட வேண்டும். போடாவிட்டால் செத்துவிடும். "சோறு போட்டாச்சா அதுக்கு?" என்று அண்ணனை அதட்டுவாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் அப்படிப் பேசினாள் என்று நினைக்க வேண்டாம். அம்மிக்கல்லிடமும் அவள் அப்படித்தான் பேசுவாள்.

போடியில் ஏலக்காயைத் தேய்த்துச் சுத்தம் பண்ணும்போது அதன் வால் உதிரும். அதை யாரும் சீண்ட மாட்டார்கள். அவள் அதை மூட்டையாக வாங்கி, துணியில் கட்டி டிரம்மில் இறக்கினாள். அதுதான் அவள் வைத்த முதல் பீர். பிறகு பச்சை மிளகு, பிறகு காப்பிப்பூ. அதற்குப் பிறகு நான் கொண்டுவந்த இலைகள்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஒரு ஊரில் ஒரு பருவத்துக்கு மேல் இருந்ததில்லை. கல்யாணம் பண்ணினால் கால் நின்றுவிடும் என்றார்கள். நிற்கவில்லை. அவள் அதற்காகச் சண்டை போட்டதில்லை. "போ. வரும்போது அந்த ஊர்ல என்ன மொளைக்குதோ அதக் கொண்டா" என்பாள். கம்பத்தில் திராட்சைக்குப் பந்தல் போடப் போனபோது கொழுந்து இலை பறித்து வந்தேன். தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனபோது, கடித்தால் உப்புக் கரிக்கிற உமரிச் செடி. வத்தலக்குண்டிலிருந்து வெற்றிலை. எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தாள். பீருக்கு அந்தந்த ஊர்ப் பெயரையே வைத்து, கரும்பலகையில் எழுதிப் போட்டாள். கடையில் ஆட்கள், "ஒரு கம்பம், ரெண்டு தூத்துக்குடி" என்று பஸ்ஸில் டிக்கெட் எடுப்பது மாதிரிக் கேட்பார்கள். தூத்துக்குடி கரிக்கும், அதுதான் அதிகம் போகும். வத்தலக்குண்டை ஒரே ஒருத்திதான் குடிப்பாள். பக்கத்துத் தோட்டத்தில் காய் எடுக்கிற அக்கா. எந்நேரமும் வாயில் வெற்றிலை உள்ளவள்.

கடைசியாகச் சிறுமலையிலிருந்து ஒரு சாக்கு நாரத்தை இலை கொண்டுவந்தேன். அவள் ஒரு இலையைக் கிழித்து மோந்து பார்த்துவிட்டு, வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நான் குரங்கணிக்குக் காப்பி எடுக்கக் கிளம்பிய அன்று டிரம்மில் நுரை அடங்கவில்லை. ரெண்டு நாள் பொறுத்தால் குடித்துவிட்டுப் போகலாம் என்றாள். தோட்டத்தில் ஆள் கேட்டிருந்தார்கள். வந்து குடிக்கிறேன் என்றேன். அதுவரை இருக்காது, தீர்ந்துவிடும் என்று சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. தேனிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பேச்சு இல்லை. மறுநாள் அவளை மேலே கொண்டுவந்தோம்.

கருமாதிக்குப் போடியிலிருந்து சொந்தக்காரப் பெண்கள் வந்தார்கள். வீடு கழுவுகிற வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாவு வீட்டில் இருந்த தண்ணீர், மாவு, ஊறுகாய் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் வீடு கொட்டகைக்குப் பின்கட்டு. ஆகவே அவர்கள் கடையையும் சேர்த்துக் கழுவினார்கள். நானும் மச்சானும் ஓடைக்கரையில் தலை முழுகிவிட்டு வந்தபோது மூன்று டிரம்மும் கவிழ்ந்து கிடந்தன. ஜாடியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அத்தனையும் சரிவில் ஏலச்செடிகளுக்குள் ஓடியிருந்தது. அந்த இடமே நாரத்தையாக மணத்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் அதைக் கொத்திக் குடித்துவிட்டுக் கால் இடற நடந்தன. அதைப் பார்த்து ஒரு சின்னப் பிள்ளை சிரித்தது. அவர்கள் பேரில் தப்பில்லை. செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நான் மறுநாள் கிளம்பிக் குரங்கணிக்கே போய்விட்டேன்.

அதனால்தான் அந்தச் சேதி என்னை அப்படி நடக்க வைத்தது. அவள் கடைசியாக வைத்ததை நான் குடித்ததில்லை. அது ஒன்று. இன்னொன்று, கேனில் பீர் இருந்தால் அடியில் வண்டல் இருக்கும். வண்டலில் அவள் வைத்த உறை இருக்கும். இஞ்சியும் கருப்பட்டியும் போட்டால் அது திரும்ப எழும்பும். பையில் இஞ்சி இருந்ததற்குக் காரணம் அதுதான்.

மலையடிவாரத்து ஊரான முந்தலில் ஒரு சிமென்ட் லோடு ஜீப்பில் மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டேன். மேலே ஏற ஏறக் குளிர் வந்தது. அவள் இருக்கும்போது இந்த வளைவுகளில் எனக்குத் தூக்கம் வரும். அன்றைக்கு வரவில்லை.

கடையில் மச்சான் மட்டும் இருந்தார். டிரம்கள் காய்ந்து கிடந்தன. அடுப்பில் டீ கொதித்தது. டீயும் ஆம்லெட்டும்தான் இப்போது யாவாரம் என்றார். பெஞ்சில் அந்த வெற்றிலைக்கார அக்கா ஜீப்புக்காக உட்கார்ந்திருந்தாள். "ஏப்பு, அந்தத் தோட்டத்துல ஒனக்குச் சோறு போடலயா, இப்பிடி எளைச்சுக் கெடக்க" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மச்சான் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். சுவரில் என் மனைவியின் படம், மாலை போட்டு மாட்டியிருந்தது. அதற்குக் கீழே ஒரு ஸ்டூல். ஸ்டூலில் ஸ்டீல் கேன். கேனுக்குக் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றியிருந்தார். அதை ஒட்டினாற்போல் பெரிய காமாட்சி விளக்கு, முழுத் திரி போட்டு எரிந்துகொண்டிருந்தது.

நடந்ததை அவர் சொன்னார். நான் போன சில நாள் கழித்து, கொட்டகைக்குப் பின்னால் ஊற்றுக்குழியில் ஒரு கயிறு கிடப்பதைப் பார்த்து இழுத்திருக்கிறார். கயிற்று நுனியில் இந்தக் கேன்.

"ஒனக்குன்னு தனியா எடுத்து, ஊத்துல எறக்கி வச்சிருக்கா மாப்ளே. எங்கிட்டக்கூடச் சொல்லல."

ஊற்றுத் தண்ணீர் சித்திரையிலும் கை மரத்துப்போகும்படி இருக்கும். அதில் கிடந்தால் பீர் மாதக்கணக்கில் கெடாது. அவள் என்னை நம்பவில்லை என்பது தெரிந்தது. நான் எப்போது வருவேனோ என்று நினைத்துத்தான் அங்கே இறக்கியிருக்கிறாள்.

அதைக் குழியில் கிடக்க விட மச்சானுக்கு மனசு வரவில்லை. தங்கச்சி கையால் வைத்த கடைசிப் பொருள். அது எப்படித் தண்ணீருக்குள் கிடக்கும் என்று எடுத்துவந்து படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். விளக்கு ராப்பகலாக எரிந்திருக்கிறது. அணைய விட்டதே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். கேன் வெடித்துவிடக் கூடாதே என்று மூடியையும் லேசாகத் திருகி விட்டிருந்தார். "அதுக்கும் மூச்சு வேணும்ல" என்றார்.

நான் கேனின் மேல் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. மூடியின் ஓரத்தில் பழ ஈ மொய்த்திருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சான் கடையைப் பாதி சாத்திவிட்டு, அக்காவையும் உள்ளே கூப்பிட்டார். மூன்று குவளைகளைக் கழுவி வைத்தார். படத்தைக் கும்பிட்டுவிட்டு மூடியை என்னையே திறக்கச் சொன்னார். நல்ல பீர் என்றால் திறக்கும்போது ஒரு சீறல் இருக்கும். அது இல்லை. மேலே சவ்வு மாதிரி ஏடு கட்டியிருந்தது. மச்சான் கரண்டியால் அதை ஒதுக்கிவிட்டு, சிந்தாமல் ஊற்றி முதல் குவளையை என்னிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புளிப்பு தாடையைப் பிடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விழுங்கிய பிறகு, ரொம்பப் பின்னால், அடிநாக்கில் நாரத்தை இலை. லேசான கசப்பும், கிழித்த இலையின் வாசமும். அது அங்கே இருந்தது. அவள் இலையை எவ்வளவு நேரம் ஊறவிட்டு எப்போது எடுத்தாள் என்பதுகூடத் தெரிந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் கூடியிருந்தாலும் கசப்பு முந்திக்கொண்டிருக்கும். அவளுக்குக் கை அளவு தப்பாது. இன்னொரு வாய் குடித்தேன், அந்த வாசத்துக்காக. குவளை காலியாகும்வரை குடித்தேன். தொண்டை எரிந்தது.

"எப்பிடி மாப்ளே?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் இன்னொரு குவளை அவர் கையிலேயே இருந்தது.

"காடியாயிருச்சு மச்சான்."

அவர் தன் குவளையில் வாய் வைத்துப் பார்த்தார். பிறகு கேனைத் தொட்டார், விளக்கைப் பார்த்தார், மறுபடி கேனைத் தொட்டார். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெங்களூரில் அத்தனை வருஷம் அவர் பார்த்து வைத்துக்கொண்டதே, சூடு ஏறாமல் காற்று புகாமல் வைப்பதைத்தானே. தங்கச்சி படத்துக்கு முன்னால் அதெல்லாம் அவருக்கு ஞாபகம் வரவில்லை. கை சட்டென்று திரியை அணைக்கப் போனது. அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளக்கு என்னண்ணே பாவம் பண்ணுச்சு? அது பாட்டுக்கு எரியட்டும்."

மச்சான் தரையில் உட்கார்ந்து அழுதார். கருமாதியன்று அவர் அழுது நான் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வண்டலை எடுப்போம் என்றார். நான் கொண்டுவந்த இஞ்சியை அவரே தட்டினார். கேனில் இருந்ததைக் குண்டானில் இறுத்துவிட்டு, ஜாடியில் வண்டலை வழித்துப் போட்டு, கருப்பட்டியைக் கரைத்து ஊற்றி, துணி கட்டி ஊற்றுக்குழியின் ஓரத்தில் நிழலில் வைத்தார். நல்ல உறை என்றால் கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழாவது வரும். அவர் போய்ப் போய்ப் பார்த்தார். காடி வாடைதான் வந்தது. இதே இது வேறு யாருடைய ஜாடியாக இருந்தால் மோந்து பார்த்ததுமே கொட்டியிருப்பார்.

அக்காதான் கடைசியில் வாய் திறந்தாள். "கெட்டுப்போன மோர எடுத்து யாராச்சும் உறை ஊத்துவாங்களா? நீங்க படிச்சுப் படிச்சுச் சொல்லுவீங்களே, இப்ப நீங்களே இப்பிடிப் பண்ணுறீங்க. விடுங்கண்ணே."

அந்த நேரம் பார்த்து வெளியே பைக் சத்தம் கேட்டது. ஜாக்கெட் போட்ட இரண்டு பையன்கள். கரும்பலகை இன்னும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அழிக்க யாருக்கும் மனசு வரவில்லை. போன வருஷம் வந்தபோது குடித்தோம், கம்பம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றார் மச்சான். தூத்துக்குடி? அதுவும் இல்லை. சிறுமலை என்று புதிதாகப் போட்டிருக்கிறதே, அது?

"எல்லா ஊரும் தீந்துபோச்சு தம்பி. டீ சாப்புடுறீகளா?"

அவர்கள் டீ குடித்துவிட்டு, பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இறுத்ததைத் திரும்ப ஊற்றியதில் கேனில் முக்காலுக்கு மேல் காடி இருந்தது. மச்சான் அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஊற்றிவிடலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு முறை ஊற்றியதே போதும். தனக்குக் கொடுக்கும்படி அக்கா கேட்டாள். தெருவில் எல்லாரும் சேர்ந்து எலுமிச்சை ஊறுகாய் போடப் போகிறார்களாம், காடி இல்லையென்றால் கடையில் வினிகர்தான் வாங்க வேண்டுமாம். சாவு வீட்டுப் பொருள் என்று எவளாவது பேசினால் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். மச்சான் தர முடியாது என்று கேனை மார்போடு பிடித்துக்கொண்டார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கி, அக்காவின் தூக்குவாளியில் வாய்வரைக்கும் ஊற்றினேன். மிச்சத்துக்கு ஒரு பாட்டில் தேடிக் கொடுத்தேன். ஊற்றும்போது மறுபடி அந்த வாசம் வந்தது. அக்கா வாளியை மூடி, முந்தானையால் சுற்றிக்கொண்டு ஜீப்புக்கு நடந்தாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் கடையைச் சாத்திவிட்டு, மச்சான் எனக்கு ஆம்லெட் போட்டுத் தந்தார். சாப்பிடும்போது கேட்டார்.

"இங்கயே இருந்துரு மாப்ளே. புதுசா உறை வைப்போம். நீ எங்க வேணா போ, போயிட்டு எலை கொண்டா. நான் காய்ச்சுறேன்."

பார்க்கலாம் என்றேன். இலையைக் கொண்டுவரலாம். அதைக் கிழித்து மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் நிற்க ஆள் இல்லை. மச்சான் நல்ல மனுஷன். நான் எந்த ஊருக்குப் போனேன் என்று கேட்பார். அந்த ஊரில் என்ன முளைக்கிறது என்று கேட்க அவருக்குத் தோன்றாது.

ஆனால் அவரை அப்படியே விட்டுவிட்டுத் தூரமாகப் போகவும் கால் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. போகிறேன் என்றும் சொல்ல முடியவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் இருட்டு பிரியுமுன்பே மச்சான் ஜாடியைப் பார்க்கப் பின்பக்கம் போனார். அவர் திரும்பி வரும்வரை இருந்தேன். வந்ததும் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தார். போடிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி, கீழே காய்கறி எடுக்கப் போகிற வண்டியில் இறங்கினேன்.

போடியில் ஜீப்புகள் நிற்கிற இடத்தில், எனக்குச் சேதி கொண்டுவந்த டிரைவர் தனியாகக் கத்திக்கொண்டிருந்தார். அவருடைய கிளீனர் திருப்பூருக்குப் போய்விட்டான். பெண்களை ஏற்றுவதும் அவரே, சாப்பாட்டுத் தூக்குகளை மேலே கட்டுவதும் அவரே. நான் வருகிறேன் என்றேன்.

"ஒன்னயப் பத்தித்தான் எல்லாருக்கும் தெரியுமே. எத்தன நாளைக்கு?"

தெரியாது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கயிற்றை என் கையில் கொடுத்தார்.

அந்த ஜீப் காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் மச்சான் கடையைத் தாண்டிப் போகும். தூக்குகளை ஒன்றோடொன்று முட்டாமல் மேலே கட்டினேன். கடைசியாக ஏறிய பெண்ணுக்கு இடம் விலக்கிக் கொடுத்து, பின்கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன். படியில் தொற்றிக்கொண்டு தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். வண்டி கிளம்பியது.